அரிச்சந்திரனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர்

சித்திரை பிறந்துவிட்டால் நம் பக்கத்துச் சுவர்களில் நாடக நோட்டீஸ்கள் ஏறிவிடும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு என்று வரிசையாக முகங்கள். மேலே கொட்டை எழுத்தில் 'வள்ளி திருமணம்' அல்லது 'அரிச்சந்திரா மயான காண்டம்'. நம் தோழர்கள் அந்த நோட்டீஸைப் பார்த்தும் பாராததுபோலக் கடந்துபோவது வழக்கம். பறையைப் பற்றியும் ஒப்பாரியைப் பற்றியும் வீதி நாடகத்தைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுகிற நாம், ஸ்பெஷல் நாடகம் என்று பேச்சு வந்தால் டீ குடிக்க எழுந்துவிடுவோம்.

அதற்குக் காரணங்கள் உண்டு. முதல் காரணம், நாடகம் நடக்கும் இடம். ஊர் மந்தையில் மேடை போட்டால் நம் பெற்றோர் எங்கே உட்கார்ந்து பார்த்தார்கள் என்பது நமக்குத் தெரியும். பாய் விரித்த கூட்டத்துக்குப் பின்னால், வைக்கோல் போர் ஓரமாக, பாதி இருட்டில். இரண்டாவது காரணம், பபூனும் டான்ஸும் சேர்ந்து பேசும் இரட்டை அர்த்தப் பேச்சு. பார்த்துச் சிரிக்கிறவனுக்கு அது ஒரு ராத்திரிப் பொழுதுபோக்கு. ஆடிய பெண்ணுக்கோ அது ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்கிற கெட்ட பெயர்.

மூன்றாவது காரணம்தான் பெரிது. அது கதை.

யாருடைய வேலை, யாருடைய சோகம்?

அரிச்சந்திரன் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சொன்ன சொல் தவறாத அயோத்தி அரசன். விசுவாமித்திரர் சோதிக்கிறார். நாடு போகிறது. காசியில் மனைவி சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் காலகண்டர் என்ற பிராமணருக்கு விற்கிறான். தன்னைச் சுடுகாட்டுக்கு உரியவரான வீரபாகுவிடம் விற்றுக்கொள்கிறான். தர்ப்பை அறுக்கப் போன லோகிதாசனைப் பாம்பு கடிக்கிறது. பிள்ளையின் உடலைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் சந்திரமதி சுடுகாட்டுக்கு வருகிறாள். கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் வைத்தால்தான் எரிக்கலாம் என்று காவல்காரன் மறிக்கிறான். கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலியைக் கண்டு அவளை அடையாளம் தெரிந்துகொள்கிறான். கடைசியில் தேவர்கள் வருகிறார்கள், எல்லாம் திரும்பக் கிடைக்கிறது.

இந்தக் கதை நாட்டையே ஆட்டிவைத்திருக்கிறது. சிறுவனாக இருந்தபோது அரிச்சந்திர நாடகத்தைப் பார்த்து, எல்லோரும் ஏன் அரிச்சந்திரனைப்போல் உண்மையாக இருக்கக் கூடாது என்று ஏங்கியதைக் காந்தி தன் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். 1913இல் பால்கே எடுத்த இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படமும் 'ராஜா அரிச்சந்திரா'தான்.

ஆனால் இந்தக் கதையில் சோகத்தின் உச்சம் எது என்று நம் தெருவிலிருந்து பார்க்க வேண்டும். மனைவியை விற்றதைக் காட்டிலும், மகன் செத்ததைக் காட்டிலும், 'புலையனுக்கு அடிமையானானே' என்பதுதான் பாட்டாகவும் வசனமாகவும் திரும்பத் திரும்ப வரும். நம் தாத்தாக்கள் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையை ஓர் அரசன் கொஞ்ச காலம் செய்தால் மூன்று உலகமும் கண்ணீர் விடுகிறது. நம் தாத்தா செய்தால் அது ஊர் வழக்கம்!

கதையின் தொடக்கத்தில் வருவது இதைவிட மோசம். விசுவாமித்திரர் ஏவிவிட்ட, தீண்டத்தகாதவர்களாகக் காட்டப்படும் இரண்டு பெண்கள் அரசன் முன்னால் ஆடிப் பாடுகிறார்கள். தங்களை மணந்துகொள்ளச் சொல்கிறார்கள். நாட்டை வேண்டுமானால் கொடுக்கிறேன், இவர்களை மணக்க மாட்டேன் என்று மறுக்கிறான். அவன் சத்தியத்தில் தவறாதவன் மட்டுமில்லை, சாதியிலும் தவறாதவன். இப்படிப்பட்ட கதைக்கு நாம் ஏன் கண் விழிக்க வேண்டும்? இந்தக் கேள்வி நியாயமானது. இன்றைக்கும் நியாயமானதுதான்.

இளைஞர்கள் கேட்ட கேள்வி

கடந்த வைகாசியில், நம் மாவட்டத்துக் காலனி ஒன்றின் இளைஞர் மன்றத்திலிருந்து எங்களுக்கு அழைப்பு வந்தது. காளியம்மன் திருவிழாவுக்கு என்ன நிகழ்ச்சி வைப்பது என்பதில் தகராறு. இளைஞர்கள் பாட்டுக் கச்சேரி கேட்டார்கள். பெரியவர்களோ 'அரிச்சந்திரா மயான காண்டம்' என்று முடிவுசெய்து நடிகர்களுக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டார்கள்.

"தோழர், இந்தத் தெருவுல வெட்டியான் வேலைய விட்டுப் பத்து வருசம் ஆச்சு. எழவு சொல்லப் போறதில்ல, குழி வெட்டுறதில்ல, பொணம் எரிக்கிறதில்ல. அதுக்காக எத்தன பஞ்சாயத்து, எத்தன கேஸு! இப்ப நம்ம திருவிழாவுல, நம்ம காசுல, மேடை போட்டு அதையே காட்டணுமா?" என்று கேட்டார் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி. அவருடைய தாத்தாதான் அந்த ஊரின் கடைசி வெட்டியான்.

எங்கள் பக்கத்திலிருந்து நான்கு பேர் போனோம். பெரியவர்களிடம் பேசினோம். கொடுத்த அட்வான்ஸை வாங்க முடியாது, வரும் கலைஞர்களைத் திருப்பி அனுப்புவதும் மரியாதை இல்லை என்றார்கள். நாடகம் முடிந்ததும் அதே மேடையில் விமர்சனக் கூட்டம் வைப்பது என்று சமரசம் ஆனது. விமர்சனம் செய்வதற்காகவே விடிய விடிய உட்காரத் தயாரானோம்.

விடியற்காலை மூன்று மணி

ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கும் என்பதை மாணவர்களுக்காகச் சொல்லிவிடுகிறோம். இதற்கு நிரந்தரக் குழு கிடையாது. மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் போன்ற ஊர்களின் நடிகர் சங்கங்களிலிருந்து ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் மேடையில்தான் அன்றைக்குச் சந்தித்துக்கொள்வார்கள். ஒத்திகை இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துத் தந்த கதைப் போக்கும் பாட்டுகளும் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் இடையில் வரும் தர்க்கமும் பேச்சும் பெரும்பாலும் அந்தந்த நடிகர் அந்தந்த ராத்திரியில் தொடுப்பது. முன்னே பேசுகிறவர் எங்கே இழுத்தாலும் எதிரே நிற்பவர் பதில் சொல்லியாக வேண்டும். சொல்ல முடியாதவர் கூட்டத்தின் முன்னால் தோற்றுப்போவார்.

அந்தப் பகுதி நாங்கள் எதிர்பாராதது. பத்து மணிக்கு ஆர்மோனியக்காரர் பாட்டோடு தொடங்கியது. பபூனும் டான்ஸும் வந்தார்கள். எங்களுக்கு அவர்கள்மேல் இருந்த வருத்தம் அப்படியேதான் இருந்தது. ஒன்றரை மணிக்கு மேல் சந்திரமதி வந்தார். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல். மூன்று மணி வாக்கில், இடுப்பில் ஒரு துண்டும் உடம்பெல்லாம் சாம்பலுமாக, கையில் கம்போடு அரிச்சந்திரன் மேடையேறினார். ஐம்பது வயதைத் தாண்டியவர். வந்ததும் அழுவார், விதியை நோவார் என்று நினைத்தோம். அவர் அழவில்லை. வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

வறட்டியை எப்படி அடுக்குவது, வைக்கோல் போட்டு மண்ணைக் குழைத்து மூட்டம் போடுவது எப்படி, காற்றுக்கு எங்கே வாய் விடுவது, நெருப்பில் நரம்பு சுண்டி உடல் எழும்பும்போது கம்பால் எங்கே அமுக்குவது என்று ஒன்றொன்றாகச் சொல்லி நடித்துக் காட்டினார். அப்போது முன் வரிசையில் இருந்த தாத்தா, அதாவது அந்தக் கல்லூரித் தம்பியின் தாத்தா, இருந்த இடத்திலிருந்தே சத்தம் போட்டார்.

"யப்பா, கம்ப அப்படிப் புடிச்சா முகத்துல அனல் அடிக்கும். காத்துக்கு எதுர்ல நிக்காத. பக்கவாட்டுல நில்லு!"

கூட்டம் சிரித்தது. நடிகர் சிரிக்கவில்லை. மேடை விளிம்புக்கு வந்து, கம்பைத் தாத்தாவிடம் நீட்டி, "எப்படிப் புடிக்கணும்னு காட்டுங்கய்யா" என்றார். தாத்தா எழுந்து காட்டினார். நடிகர் அதேபோல் பிடித்துப் பார்த்துவிட்டு, "எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த வீரபாகு ஐயா இவருதான்" என்று கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அந்த நிமிடத்துக்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

அதற்கு மேலும் ஒன்று நடந்தது. சந்திரமதி பிள்ளையோடு வந்து, தர்க்கம் சூடேறி, இருவரும் அடையாளம் தெரிந்துகொண்ட பிறகு, சக்கரவர்த்தியாக இருந்தவர் இந்தக் கதிக்கு ஆளானது எந்தப் பாவத்தால் என்று சந்திரமதி கேட்டார். விசுவாமித்திரரைக் குறை சொல்வார், விதியைச் சொல்வார் என்று காத்திருந்தோம். அரிச்சந்திரன் நிதானமாகச் சொன்னது இது: அரண்மனையில் இருந்தபோது இரண்டு பெண்கள் என்னிடம் வந்தார்கள். அவர்கள் பாட்டை ரசித்தேன், ஆட்டத்தை ரசித்தேன், குலத்தைக் கேட்டதும் தள்ளிவிட்டேன். நாட்டைக் கொடுக்க மனசு வந்தது, பக்கத்தில் உட்கார இடம் கொடுக்க மனசு வரவில்லை. இன்றைக்கு யாரும் எனக்கு வேலை கொடுக்காதபோது அந்தக் குலத்துக்காரர்தான் கஞ்சி ஊற்றினார். அவர் என் குலத்தைக் கேட்கவில்லை. நான் உண்மையாக இருந்தேன் என்பதே அரைப் பொய்தான். இங்கே வந்துதான் முழு உண்மையைத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் நான்கு பேருக்கும் தூக்கம் போய்விட்டது. பக்கத்தில் இருந்த இளைஞர்கள் செல்போனை மடியில் வைத்துவிட்டு மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருடக்கணக்கில் மேடை மேடையாக நாம் கேட்டுவரும் கேள்வியை, நாம் ஒதுக்கிவைத்த மேடையில் ஒரு நடிகர் அரிச்சந்திரன் வாயாலேயே சொல்லிவிட்டார். அதற்கு ஆர்மோனியம் பின்பாட்டும் கொடுத்தது.

"ஊருக்கு ஊர் மாறும்"

விடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் அவரைப் பார்த்தோம். தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு புத்தகத்தில் இருக்கிறதா என்று கேட்டோம். இல்லை, தர்க்கம் ஊருக்கு ஊர் மாறும் என்றார். அப்படியானால் ஊர் மந்தையிலும் இதைச் சொல்வீர்களா என்று எங்களில் ஒருவர் கேட்டார். அவர் உடனே பதில் சொல்லவில்லை.

"தோழர், மந்தையிலயும் சொல்லியிருக்கேன். ஒரு ஊர்ல கை தட்டுனாங்க. ஒரு ஊர்ல பாதி நாடகத்துல நிறுத்தச் சொல்லிட்டாங்க. இன்னொரு ஊர்ல அதுக்கப்புறம் என்னைக் கூப்பிடவே இல்ல. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க" என்றார்.

அவர் என்ன சாதி என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

திட்டமிட்டபடி விமர்சனக் கூட்டம் நடந்தது. அரிச்சந்திரன் கதையின் மேல் நாம் வைக்கும் விமர்சனத்தில் ஒரு வரியைக்கூட நாங்கள் திரும்பப் பெறவில்லை. இளைஞர்களும் தங்கள் எதிர்ப்பை விடவில்லை. ஆனால் அந்தக் கல்லூரித் தம்பி ஒரு புதிய கேள்வியைக் கேட்டார். "வீரபாகு இத்தனை பெரிய ஆளுன்னா அவர் ஏன் மேடைக்கே வரல? அரிச்சந்திரன் சொல்லித்தான் அவரத் தெரிஞ்சுக்கணுமா?" என்றார். வீரபாகு வராமலே, வெறும் பெயராக மட்டும் நடந்துமுடிகிற மயான காண்டங்கள் உண்டு. அப்படியே வந்தாலும் பபூனே அந்த வேடத்தையும் கட்டி, குடிகாரனாகத் தள்ளாடிச் சிரிப்புக் காட்டுவதும் உண்டு.

இந்த மேடைக்கும் நமக்கும் உள்ள கணக்கு

இந்த நாடக மேடையில் சாதி எப்போதும் இருந்திருக்கிறது. அதை எதிர்த்து நின்றவர்களும் அதே மேடையில் இருந்திருக்கிறார்கள். சிவகாசியில் 1886இல் மருத்துவர் சமூகத்தில் பிறந்த விசுவநாததாஸ், முருகன் வேடத்திலேயே வெள்ளை அரசை எதிர்த்துப் பாடிப் பலமுறை சிறை போனவர். சாதியைக் காரணம் காட்டி அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்கள் இருந்தார்கள். அவர் மேடையை விடவில்லை. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தோடு, மேடையிலேயே உயிர் பிரிந்தது. தினைப்புனத்தில் பறவை விரட்டும் காட்சியை நாட்டு விடுதலைக்குப் பயன்படுத்தியவரின் மேடையில், சுடுகாட்டுக் காட்சியைச் சமூக விடுதலைக்குப் பயன்படுத்த இடமில்லாமல் போகாது.

பறையை நினைத்துப் பாருங்கள். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்த அதே தலைமுறைதான், பிறகு அதைத் தன் விருப்பத்தோடு எடுத்து விடுதலைக் கருவியாக மேடையேற்றியது. பேராசிரியர் கே.ஏ. குணசேகரன் நாட்டுப்புறப் பாட்டை நம் போராட்டத்தின் குரலாக்கினார், 'பலி ஆடுகள்' என்ற தலித் நாடகத்தையும் தந்தார். கட்டாயத்தின் பேரில் செய்வது அடிமைத்தனம், நம் முடிவில் நம் சொல்லோடு செய்வது கலை. இந்த வித்தியாசம் நாடகத்துக்கும் பொருந்தும்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. தமிழகத்தில் பல ஊர்களின் சுடுகாட்டு வாசலில் அரிச்சந்திரன் கல்லோ கோயிலோ இருக்கும். பாடையை அங்கே இறக்கிவைத்து, வெட்டியான் அரிச்சந்திரன் கதையைப் பாடிய பிறகே உள்ளே எடுத்துப்போகும் வழக்கம் வட மாவட்டங்களில் உண்டு. ஆக இந்தக் கதை புலவர்கள் வழியாக மட்டும் வந்ததில்லை. நம் பாட்டன்கள் வாய்வழியாகவும் வந்திருக்கிறது. அவர்கள் பாடும்போது வீரபாகு வெறும் பெயராக இருக்க மாட்டார், அவர்களுடைய முன்னோராக இருப்பார். அந்தப் பாட்டைப் பாடத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஒருவர் இருந்தாலே அதிகம். அவர்களும் எழுபதைத் தாண்டியவர்கள்.

இரண்டு சுடுகாடு

இதெல்லாம் கலை ரசனைப் பேச்சாக மட்டும் முடிந்துவிடக் கூடாது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, வயல் வழியே சுடுகாட்டுக்குப் போகப் பாதை விடாததால், ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிப் பாலாற்றுக்குள் இறக்கினார்கள். அந்தக் காட்சியை நாடே பார்த்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. சாதிப் பாகுபாடில்லாத பொது மயானம் உள்ள சிற்றூர்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்று தமிழக அரசு அறிவித்திருக்கிறது. செத்த பிறகாவது சேர்ந்து கிடக்கப் பரிசு அறிவிக்க வேண்டிய நிலையில்தான் நாம் இருக்கிறோம். மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீரில் பாடையைச் சுமந்து ஓடையைக் கடக்கும் காலனிகள் நம் மாவட்டத்திலும் உண்டு என்பதை இதைப் படிக்கும் நீங்களே அறிவீர்கள்.

ஊர் மந்தையில் பாய் விரித்து, அரிச்சந்திரனுக்காக விடிய விடியக் கண்ணீர் விடுகிறவர்கள் காலையில் எழுந்துபோய் நம் பிணத்துக்குப் பாதையை மறிக்கிறார்கள். அந்தக் கண்ணீருக்கும் இந்த மறிப்புக்கும் நடுவில் நின்று கேள்வி கேட்கக்கூடிய ஒரே ஆள், சாம்பல் பூசிக்கொண்டு மேடையில் நிற்கும் அந்த நடிகர்தான். நம் கூட்டங்களுக்கு அவர்கள் வர மாட்டார்கள். நாடகத்துக்கு வருவார்கள். அதனால்தான் இந்த மேடையை இனியும் ஒதுக்கிவைக்க முடியாது என்கிறோம்.

நாடகக் கலைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலனியில் சொன்னதை மந்தையிலும் சொல்லுங்கள். தனி ஒருவர் சொன்னால் அவர் பிழைப்பு போகும், சங்கமாக முடிவெடுத்துச் சொன்னால் போகாது. வீரபாகுவை பபூன் கையில் கொடுக்காதீர்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. தமிழ் முதுகலையிலும் ஆய்விலும் தலைப்புத் தேடி அலையும் தம்பி தங்கைகள், உங்கள் தெருத் தாத்தாவிடம் போய் உட்காருங்கள். அவர் பாடும் அரிச்சந்திரன் பாட்டைச் செல்போனில் பதிவு செய்யுங்கள். அச்சில் வந்த நாடகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீரபாகுவுக்கு அங்கே எத்தனை வசனம், இங்கே எத்தனை வசனம் என்று எண்ணினாலே ஓர் ஆய்வுக்கான பொருள் கிடைக்கும். அந்தத் தாத்தாக்கள் காத்திருக்க மாட்டார்கள், சீக்கிரம் போங்கள்.

அந்தக் காலனி இளைஞர் மன்றம் அடுத்த வைகாசிக்கும் மயான காண்டமே வைப்பது என்று முடிவெடுத்திருக்கிறது. வீரபாகு முழு வேடமாக வர வேண்டும், அவருக்கு ராஜபார்ட்டுக்குச் சமமான சம்பளம் என்பது அவர்கள் நிபந்தனை. ஊர்ப் பக்கத்துக்கும் நோட்டீஸ் கொடுத்து, வருகிறவர்களுக்கு முன் வரிசையில் பாய் விரிப்பதாகவும் சொல்லியிருக்கிறார்கள்.

மேடையில் இருப்பது ஒரே ஒரு சுடுகாடு. அரசன் மகனும் அடிமை மகனும் அங்கேதான் எரிகிறார்கள். அதைப் பார்க்க வருகிறவர்கள், தங்கள் ஊரில் எத்தனை சுடுகாடு இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.